முகம் தெரியாத உபகாரிகள்

ஆனந்தமேரியின் கம்ப்யூட்டர் பூசணம் பிடித்துச் செத்துப்போனது என்று சொன்னால் தெருவில் யாரும் நம்பவில்லை. ரொட்டிக்குப் பிடிக்கும், ஊறுகாய்க்குப் பிடிக்கும், மழைக்காலத்தில் மூலையில் கிடக்கும் செருப்புக்கும் பிடிக்கும். கம்ப்யூட்டருக்குமா என்று சிரித்தார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தவர் அவளுடைய அண்ணன் அமலநாதன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று அந்த நாட்டிலேயே தங்கிவிட்டவர். அங்கே அவர் காவல் வேலை பார்த்த அலுவலகத்தில் புது மெஷின்கள் வந்தபோது பழையவற்றைத் தூக்கிப் போட்டார்கள். அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி, போர்வையில் சுற்றி, தன் துணிமணிகளைக் குறைத்துக்கொண்டு தங்கச்சிக்காகப் புதுச்சேரி வரை சுமந்து வந்திருந்தார். பச்சை எழுத்து தெரியும் திரை, அம்மிக்கல் கனத்தில் ஒரு பெட்டி, தடித்த பிரெஞ்சுப் புத்தகம் ஒன்று, கறுப்பு பிளாப்பி ஒன்று. அந்த பிளாப்பியைச் செருகினால்தான் பெட்டிக்கு உயிர் வரும்.

பிளாப்பி ஒன்றே ஒன்றுதான் என்பதால் ஆனந்தமேரி அதைக் கண்ணைப் போலப் பாதுகாத்தாள். வெள்ளைத் துணியில் சுற்றி, பட்டுச்சேலைகளுக்கு நடுவில், இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினாள். அந்த வருஷம் அடைமழை. கடல் காற்றும் ஈரச்சுவரும் சேர்ந்து பீரோவுக்குள்ளேயே புழுங்கின. மழை விட்டபிறகு எடுத்துப் பார்த்தால், உறையின் நடுவே தெரிகிற தட்டின்மேல் முகப்பவுடர் சிந்தியது போல வெள்ளை பூத்திருந்தது. கைக்குட்டையால் துடைத்துவிட்டுச் செருகினாள். கர்ரென்று ஒரு சத்தம். மறுபடி துடைத்தாள், மறுபடி செருகினாள். அன்று முழுக்க அதைத்தான் செய்தாள். பச்சைத்திரை வெறுமையாகவே இருந்தது.

வீட்டின் முன்னறையில் அவள் நடத்திவந்த லூர்து தட்டச்சுப் பயிலகத்துக்கு அந்தப் பெட்டிதான் கடைசி நம்பிக்கை. டைப்ரைட்டர்கள் ஆறும் நன்றாகவே ஓடின, ஆனால் அடிக்க ஆள் இல்லை. கம்ப்யூட்டர் கற்றுத்தராத இடத்துக்கு யார் வருவார்கள்? முதலியார்பேட்டை மில் குடும்பங்களில் இருந்து நாலு பெண்கள் மட்டும், டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை பாஸ் செய்துவிட்டு, கோடை விடுமுறையில் டீச்சர் கம்ப்யூட்டர் சொல்லித்தருவார் என்று காத்திருந்தார்கள். அவர்களில் மூத்தவள் வேம்பு.

கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று அவள் எழுதியிருந்ததற்கு, பொங்கல் கழிந்ததும் அண்ணனிடமிருந்து பதில் வந்தது. மே மாதம் வருவதாக எழுதியிருந்தார். கிருஷ்ணசாமி என்று ஒருவர் மருந்துக்கடை வைக்க முன்னறையை வாடகைக்குக் கேட்கிறாராம். 'பயிலகம் நடந்தால் சரி. நடக்கவில்லை என்றால் சும்மா பூட்டி வைப்பதில் என்ன இருக்கிறது, கொடுத்துவிடுவோம்' என்று கோபமில்லாமல்தான் எழுதியிருந்தார். வீடு அவர் பெயரில் இருந்தது. இத்தனை வருஷமாக அறைக்கென்று அவளிடம் அவர் எதுவும் கேட்டதில்லை. அதனாலேயே அவளுக்குப் பதில் எழுத வரவில்லை.

அவள் உதவி கேட்டது இராமதாஸிடம். இராமதாஸ் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஸ்டெபிலைசர் செய்யும் கம்பெனியில் வேலை பார்ப்பவர். கருவடிக்குப்பத்தில் வீடு. கம்ப்யூட்டர் பித்து உள்ளவர். வெளியூர் கிளப்புகளுக்கு எழுதும் ஆங்கிலக் கடிதங்களை டைப் அடிக்க அவளிடம்தான் கொண்டுவருவார்.

அவர் பிளாப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"போயிடுச்சி டீச்சர். மெஷினுக்கு ஒண்ணும் இல்ல. இதுல இருந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம்தான் போயிடுச்சி."

"அது இல்லன்னா?"

"சினிமாக் கொட்டாயில புரொஜக்டர் இருக்கு, படப்பெட்டி வந்துடுச்சி, ஜனமும் உக்காந்திருக்கு. ஆப்பரேட்டர் வரல. அந்த மாதிரி."

"எல்லாரும் வச்சிருக்காங்களே, அதுல ஒரு காப்பி வாங்கிப் போட்டா?"

"அது இதுல ஏறாது. உள்ள இருக்கிற சிப்பு வேற. இந்த மெஷின செஞ்ச கம்பெனியும் இப்ப இல்லைங்கிறீங்க."

கதவோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கினாள். "ஏம்ப்பா, அப்ப எடைக்குப் போட்டுட வேண்டியதுதானா?"

"இருங்கம்மா. எழுதிக் கேட்டுப் பாக்கிறேன்."

அவர் எழுதியது பெங்களூரில் இருந்த ஒரு கிளப்புக்கு. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வெறும் பிளாப்பியையும் தபால்தலை ஒட்டிய உறையையும் அனுப்பினால், கேட்டதைக் காப்பி செய்து திருப்பி அனுப்புவார்கள். அண்ணன் மெஷினில் இருந்த சிப்பில் ஓடக்கூடிய ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம் அவர்களிடம் இருந்தது. எங்கெங்கோ இருப்பவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், வேலை முடிந்து வீட்டுக்குப் போனபிறகு எழுதிச் சேர்த்தது. யாருக்கும் விலை கிடையாது. எழுதியதைப் பூட்டி வைக்காமல் உள்ளே இருப்பது அத்தனையும் படிக்கிற மாதிரி கொடுத்திருந்தார்கள். நம் மெஷினுக்கு ஏற்றபடி நாமே மாற்றிக்கொள்ளலாம்.

"மாத்தலாம்னு சொல்லிட்டாங்க. மாத்த நமக்குத் தெரியணுமே" என்றாள் ஆனந்தமேரி, கிளப்பிலிருந்து வந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு.

"மெஷின் எப்படிப் படிக்குது, எங்க ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சாப் போதும். நான் மாத்திடுவேன். அதெல்லாம் அந்தப் பொஸ்தகத்துல இருக்கும்."

"அது பிரெஞ்சு."

"அதான் டீச்சர் உங்கள்ட்ட வந்திருக்கேன்."

கன்னியர் பள்ளியில் படித்த பிரெஞ்சு அவளுக்கு ஜெபத்துக்கும் அண்ணனுக்குக் கடிதம் எழுதவும் மட்டும் பயன்பட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் முன்னறைக் கதவை அகலத் திறந்து வைத்து, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இருவரும் புத்தகத்தோடு மல்லுக்கட்டினார்கள். அவளுக்கு வார்த்தை புரிந்தது, விஷயம் புரியவில்லை. அவருக்கு விஷயம் தெரியும், வார்த்தை தெரியாது.

"பிஸ்த்துன்னு போட்டிருக்கு. பிஸ்த்துன்னா பாதை. ஓடுபாதை."

"தட்டுல பாதையா? டிராக்கு. எழுதிக்கிறேன். எத்தன பாதை?"

"நாப்பது. முதல் பாதைய மெஷின் தானாப் படிச்சிக்குமாம். பச்சப்புள்ள முலை தேடுற மாதிரின்னு எழுதல, ஆனா படிச்சா அப்படித்தான் இருக்கு."

"மேரி," என்றாள் அம்மா, "ஆம்பளைங்க முன்னால என்னா பேச்சு."

இராமதாஸ் காதில் விழாதது போல எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் கழுத்து வரை சிரிப்பு தெரிந்தது.

இப்படியே தவக்காலம் கழிந்தது. எழுதிக்கொண்டதை இராமதாஸ் கம்பெனிக்கு எடுத்துப் போனார். அங்கே கணக்கு வேலைக்காக ஒரு மெஷின் வைத்திருந்தார்கள். சாயங்காலம் ஷிஃப்ட் விட்டபிறகு அதில் உட்கார்ந்துகொள்ள முதலாளி அனுமதித்தார், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஈஸ்டர் முடிந்து கொஞ்ச நாளில், சிஸ்டத்தை அண்ணன் மெஷினுக்கு ஏற்றபடி மாற்றி, இரண்டு பிளாப்பிகளில் பதிவு செய்துவிட்டதாக வந்து சொன்னார். சனிக்கிழமை போட்டுப் பார்க்கலாம். அண்ணன் வருகிற நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஒங்களுக்கு நான் என்னா செய்யிறது சார்?" என்றாள்.

"எனக்கு என்னாத்துக்கு? சும்மா வந்தது. சும்மாதான் குடுக்கணும். அதுல அப்படித்தான் எழுதியிருக்கு. பாருங்க." கம்பெனியில் அச்செடுத்து வந்த ஒரு தாளை நீட்டினார். சிஸ்டத்தோடு வந்த குறிப்பு அது. யார் கேட்டாலும் கொடுங்கள், காசு வாங்காதீர்கள் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. அதன் கீழே, எழுதியவர்களின் பெயர்கள். ஜெரால்டு விட்மன். பீட்டர் ஓல்சன். மார்கரெட் டேல். கெனிச்சி ஓனோ. ராபர்ட் லாங். கடைசியாக வெறுமனே ட்ரெவர்.

அவள் அந்தப் பெயர்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்கரெட் டேல் என்பவள் எப்படி இருப்பாள்? அவளுக்கும் ஒரு முன்னறை இருக்குமா? அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து எழுதியிருப்பாளா? புதுச்சேரி என்று ஓர் ஊர் இருப்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது. தெரியாத ஊரில் தெரியாத ஒருத்தியின் அறை பூட்டாமல் இருக்க ஏதோ ஒரு நாட்டில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறாள்.

"இவங்களுக்கு எப்படிம்மா நன்றி சொல்றது?"

"பூசை வையி" என்றாள் அம்மா யோசிக்காமல். "வெள்ளிக்கிழம போயி சொல்லிட்டு வரேன். பேர எழுதிக் குடு."

ஆனந்தமேரி ஒரு துண்டுச்சீட்டில் ஆறு பெயர்களையும் தமிழில் எழுதினாள். ட்ரெவருக்கு வீட்டுப்பெயர் இல்லாதது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "அனாத மாதிரி இருக்கு" என்றாள். அப்படியே எடுத்துக்கொண்டு போய் உபதேசியார் மிக்கேலிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை காலைப் பூசையில் அம்மாவும் மகளும் வழக்கம் போலப் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மிக்கேல் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பூசைக் கருத்துகளை வாசித்தார். "இன்றைய பூசை, மரித்த விசுவாசிகளான ஜெரால்டு விட்டமன், பீட்டர் ஒலசன், மார்கரெத்தம்மாள், கெ... கென்னிச்சி, ராபர்ட்டு, தெரேவர் ஆகியோரின் ஆத்தும இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது. ஒப்புக்கொடுப்பவர் ஆனந்தமேரி."

ஆனந்தமேரி அம்மாவின் முழங்கையை இடித்தாள்.

"என்னாம்மா இது? செத்தவங்க பூசையில வாசிக்கிறாரு."

"நான் சீட்டத்தான் குடுத்தேன்" என்று அம்மா கிசுகிசுத்தாள். "அவன் கேக்கல. நான் சொல்லல."

கோயிலில் சனிக்கிழமை முதல் பூசை என்றாலே ஆத்துமாக்களுக்குத்தான் என்பது ஊருக்கே தெரிந்த வழக்கம். அம்மாவுக்கும் தெரியும். உயிரோடு இருக்கிற ஆறு பேரை, அதுவும் முழுக்க வெளிநாட்டுப் பேர்களாக, யார் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று மிக்கேல் நினைத்திருப்பார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அடுத்த தெரு ரோசா அக்கா வந்து ஆனந்தமேரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"அமலநாதன் ஊட்டுக்காரி வழியில சொந்தமா மேரி? ஆறு பேருமா? பிளேன் விழுந்துச்சா?"

"இல்லக்கா. கம்ப்யூட்டருக்கு..."

"ஐயோ கரண்டா?"

அம்மாதான் "நல்லாத்தான் இருக்காங்க ரோசா, ஊட்டுக்குப் போ" என்றாள். ரோசா அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு போனாள்.

வழியெல்லாம் ஆனந்தமேரிக்கு மனசு அடித்துக்கொண்டது. நல்லது செய்தவர்களுக்கு நன்றி சொல்லப் போய் அவர்களைக் கல்லறைக்கு அனுப்பிவிட்டு வந்திருக்கிறோம். இந்த நாளிலா அந்த பிளாப்பியைப் போடுவது? இராமதாஸிடம் வேறு நாள் வரச் சொல்லலாமா என்றுகூட யோசித்தாள். ஆனால் அவர் சொன்ன நேரத்துக்கு முன்பாகவே, சைக்கிள் கேரியரில் பையைக் கட்டிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். முகத்தில் சந்தோஷம்.

மெஷினின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்தார்கள். ஸ்டெபிலைசர் முனகியது. இராமதாஸ் முதல் பிளாப்பியை உறையில் இருந்து எடுத்து, பதமாகச் செருகி, சின்னக் கதவைச் சாத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

கர்ர்ர்.

ஆனந்தமேரிக்குத் தெரிந்த சத்தம் அது. மழைக்காலத்தில் கேட்ட அதே சத்தம். திரை வெறுமையாக இருந்தது. விளக்கு அணையவில்லை. இராமதாஸ் மெஷினை நிறுத்திப் போட்டார். மறுபடி கர்ர்ர்.

"என்னா ஆச்சி?" என்றாள் அம்மா வாசலில் இருந்து.

அவர் தான் எழுதிக்கொண்டு வந்த தாள்களைப் புரட்டினார். பாதை, எண், ஆரம்பம். ஒன்றொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். "நான் எழுதினதுல தப்பு இருக்கும் டீச்சர். எங்கன்னு தெரியல."

"இல்ல சார்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தப்பு எங்களுது."

காலையில் கோயிலில் நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிடும் போல இருந்தது. ரோசா அக்கா பிளேன் விழுந்ததா என்று கேட்டதைச் சொன்னபோது இராமதாஸ் வாயைப் பொத்திக்கொண்டார். முடியவில்லை. நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"சிரிக்கிறீங்களே சார்."

"எங்க ஜனங்க ஒண்ணு சொல்லுவாங்க டீச்சர். உசுரோட இருக்கிறவன் செத்துட்டான்னு சேதி கிளம்பிச்சின்னா அவனுக்கு ஆயுசு கெட்டி. எங்க பெரியப்பன் ஒருத்தரு, அம்மாவாசைன்னு பேரு, அவரு செத்துட்டாருன்னு ரெண்டு தடவ மாலையோட போயி எறங்கியிருக்காங்க. இன்னும் பீடி வலிச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. அந்த ட்ரெவரு நூறு வயசு இருப்பாரு பாருங்க."

"நெசமாவா?"

"அனாத மாதிரி இருந்த புள்ளைக்கி நூறு வயசு குடுத்துட்டேன்" என்றாள் அம்மா. அவள் முகத்தில் குற்ற உணர்ச்சி போய்ப் பெருமை வந்திருந்தது.

ஆனந்தமேரியும் சிரித்துவிட்டாள். இராமதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிளாப்பியை வெளியே எடுத்தார். ஜன்னல் பக்கம் திரும்பி அதைத் தூக்கிப் பிடித்தவர் அப்படியே நின்றார். புத்தம் புதுத் தட்டின்மேல் பழுப்பாக ஒரு வளையம் விழுந்திருந்தது. சுவரில் ஆணியால் கீறியது போல.

"டீச்சர், பூசணம் புடிச்ச பிளாப்பிய எத்தன தடவ உள்ள போட்டீங்க?"

"அன்னிக்கு முழுக்க. தொடச்சித் தொடச்சி."

"அதான். அந்தப் பூசணம் எல்லாம் உள்ள தட்டப் படிக்கிற ஹெட்டுல அப்பிக்கிச்சி. காஞ்சி உப்புத்தாளாட்டம் ஆயிடுச்சி. எதப் போட்டாலும் கீறித் தள்ளும்." நாற்காலியில் உட்கார்ந்தார். "நல்லவேள, ரெண்டாவதப் போடல. இது ஒண்ணுதான் இருக்கு. இதுவும் போனா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். கம்பெனி மெஷின இனிமே மாசக் கணக்கு முடிஞ்சாத்தான் தருவாங்க."

மாதக் கணக்கு முடிவதற்குள் அண்ணன் வந்துவிடுவார்.

"ஹெட்ட தொடைக்க முடியாதா?"

"தொடைக்கலாம். ஸ்பிரிட்டு வேணும். மெத்துன்னு எதனா வேணும்."

அன்று சனிக்கிழமை. பயிலகத்தில் சனிக்கிழமைதோறும் டைப்ரைட்டர் எழுத்துகளை ஸ்பிரிட்டு தொட்டுத் துடைப்பது அவள் வழக்கம். மை அடைத்துக்கொண்ட 'ஓ'வும் 'ஏ'யும் சுத்தமாகும். அடிக்க ஆள் இல்லாத மாதங்களிலும் அவள் அதை நிறுத்தவில்லை. அலமாரியில் இருந்து பாட்டிலை எடுத்து வந்தாள். வெள்ளை வேட்டித் துணியும் வந்தது.

இராமதாஸ் மூடியைக் கழற்றினார். உள்ளே, நீண்ட இரும்புத் தண்டின் நுனியில், உளுத்தம்பருப்பு அளவில் ஒரு துண்டு. அதுதான் ஹெட். மேலே கறுப்பாக, கெட்டியாக ஏறியிருந்தது.

"உங்க கை பதமா இருக்கும் டீச்சர். என் கை ஸ்டெபிலைசர் முறுக்கின கை."

அவள் துணியை விரல் நுனியில் சுற்றி ஸ்பிரிட்டில் நனைத்தாள். இராமதாஸ் டார்ச் பிடித்தார். அவள் தொட்டு எடுத்தாள், பார்த்தாள். துணியில் காப்பிக் கறை மாதிரி வந்தது. துணியை மாற்றினாள். அழுத்தக் கூடாது என்று அவர் சொன்னது பயமாக இருந்ததால் மூச்சையும் பிடித்துக்கொண்டாள். அம்மா மெல்லிய குரலில் அருள் நிறைந்த மரியாயே சொல்ல ஆரம்பித்தாள். பத்துப் பன்னிரண்டு துண்டு ஆனபிறகு துணி வெள்ளையாகவே திரும்பி வந்தது. ஹெட் பளபளவென்று பீங்கான் போலத் தெரிந்தது.

"காயட்டும்" என்றார் இராமதாஸ். அம்மா மூவருக்கும் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள்.

இரண்டாவது பிளாப்பியை அவர் அவள் கையில் கொடுத்தார். "நீங்களே போடுங்க."

செருகினாள். கதவைச் சாத்தினாள். சிவப்பு விளக்கு. ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு டக், டக், டக் என்று, மரப்படியில் யாரோ மெல்ல ஏறி வருவது போன்ற சத்தம். திரையின் மூலையில் பச்சையாக ஓர் எழுத்து வந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. வரி நிறைந்து அடுத்த வரி. கடைசியில் ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டு நின்றது, என்ன வேண்டும் என்று கேட்பது போல.

இராமதாஸ் ஆசை தாங்காமல் ஒரு விரலால் தன் பெயரை அடித்துப் பார்த்தார். தாறுமாறாக வந்தது. 'ஏ' என்று போட்டிருந்த சாவியை அடித்தால் 'க்யூ' வந்தது.

"இதுக்கு பிரெஞ்சு சாவி வரிசை தெரியாதே. நம்ம இங்கிலீஷ் வரிசைன்னு நெனச்சிக்கிச்சி. மாத்தணும்."

"மாத்தாதீங்க சார்." ஆனந்தமேரி திரையைப் பார்த்தபடியே கண்ணை இறக்காமல் பத்து விரலாலும் அடித்தாள். 'லூர்து தட்டச்சுப் பயிலகம்' என்று ஆங்கிலத்தில் ஒரு பிழையில்லாமல் வந்தது. முன்பு இருந்த சிஸ்டத்தில் அவளுக்கு இது முடியவே இல்லை. டைப்ரைட்டரில் பழகிய விரல் ஒரு பக்கம் போகும், பிரெஞ்சு வரிசை ஒரு பக்கம் இழுக்கும். பெண்களுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று அப்போதே பயந்திருந்தாள். "எங்க புள்ளைங்க சாவியப் பாத்து அடிக்க மாட்டாங்க. போனது வந்ததோட, இது அதவிட நல்லதா வந்திருக்கு."

அன்று மத்தியானம் இராமதாஸ் அந்த வீட்டில் சாப்பிட்டார். வஞ்சிரம் குழம்பு. அதுவும் அம்மா சட்டியோடு வழியை மறைத்துக்கொண்டு நின்று கட்டாயப்படுத்தியதால். கை கழுவும்போது சொன்னார்.

"எதனா செய்யணும்னு இருந்தீங்கன்னா ஒண்ணு செய்யலாம் டீச்சர். நீங்க எனக்குப் படிச்சிச் சொன்னீங்களே, அந்த பிரெஞ்சுப் பக்கங்கள், அத இங்கிலீஷ்ல டைப் அடிச்சிக் குடுங்க. நான் மாத்தினதோட சேத்து கிளப்புக்கு அனுப்பிடுறேன். இதே மெஷின் எங்கியோ ஒருத்தன் வீட்டுல துணி போத்திக்கினு கெடக்கும். பிரெஞ்சு தெரியாதவனா இருப்பான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். உங்க பேரையும் கடைசியில சேத்துடுவாங்க."

"வேணாம் சார். எங்கியாச்சும் ஒரு அம்மா பூசை வச்சிடப் போறாங்க."

அவள் ஒரு வாரம் உட்கார்ந்து அடித்தாள். பதினெட்டுப் பக்கம் வந்தது. தன் அனுபவத்தில் இருந்து ஒரு பத்தியும் சேர்த்தாள்: கடலோர ஊர்க்காரர்கள் பிளாப்பியைப் பட்டுச்சேலைக்குள் வைக்க வேண்டாம், பூசணம் கண்டதைத் துடைத்துச் செருக வேண்டாம், செருகிவிட்டால் ஹெட்டை இப்படித் துடையுங்கள். அடிக்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் யாரோ எதிரில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அவளுக்கு ஆட்களிடம் பேச வராது. இப்படிப் பேச வந்தது.

அமலநாதன் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தார். மறுநாள் காலை காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே கிருஷ்ணசாமி வந்துவிட்டார். கையில் அளவு நாடா. அலமாரிகளுக்கு மரம் வாங்க வேண்டும், அறையை ஒரு தடவை அளந்துகொண்டால் நல்லது என்றார். ஆனந்தமேரி அண்ணனுக்குச் சொல்ல எத்தனையோ வார்த்தைகளை யோசித்து வைத்திருந்தாள். அதற்குள் அளவு நாடா வாசலுக்கு வந்துவிட்டது. அன்று வகுப்பின் மூன்றாம் நாள், பெண்கள் உள்ளே இருந்தார்கள்.

அமலநாதன் முன்னறை வாசலில் போய் நின்றார். கிருஷ்ணசாமி அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வேம்பு மெஷின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் வைத்த தாளைப் பார்த்தபடி அடித்துக்கொண்டிருந்தாள். மற்ற மூன்று பேரும் அவள் தலைக்கு மேல் கவிந்திருந்தார்கள்.

"என்னா பண்ற?" என்றார் அமலநாதன்.

வேம்பு எழுந்து நின்றுவிட்டாள். "வேலைக்கி மனு சார். தப்பா அடிச்சா ரப்பர் வேணாம் சார். அழிச்சிக்கினு அது மேலயே அடிக்கலாம். எங்க அப்பாவுக்குக் கூட ஒண்ணு அடிச்சிட்டேன். மில்லு சம்பளப் பாக்கிக்கி."

"இது ஓடாதுன்னு எழுதினாளே."

"ஓடுது சார்."

அவர் உள்ளே வந்தார். மெஷினின் பக்கவாட்டில் ஒரு கீறல் இருந்தது, அதைத் தொட்டுப் பார்த்தார். "இது இருந்த ரூமுக்கு எங்கிட்டதான் சாவி இருந்துச்சி மேரி. தெனம் தொறப்பேன், பூட்டுவேன். ஒரு நாளும் யாரும் தொட விட்டதில்ல."

"உக்காருங்க சார்" என்று வேம்பு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் தயங்கினார். பிறகு சட்டை நுனியைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தார். வேம்பு அவருக்குப் பக்கத்தில் குனிந்து, எந்த விரல் எங்கே வைப்பது என்று காட்டத் தொடங்கினாள்.

வாசலில் நின்ற கிருஷ்ணசாமி நாடாவை நீட்டினார். "நான் ஒரு ஓரமா அளந்துக்கட்டுமா?"

அமலநாதன் திரும்பவில்லை.

"வேற எடம் பாருங்க. இங்க ஆளுங்க இருக்காங்க."